கிளாடியோலஸ் கிழங்கைப் பரணில் வைக்காதீர்கள்

(மலைப்பகுதி மலர் சாகுபடியாளர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த கிளாடியோலஸ் நமது நீலகிரியில் நன்கு வரும் பூ. இதற்கு உறைபனி ஒரு பகை, இலைப்பேன் மற்றொரு பகை. உறைபனிக்கு நாம் அஞ்சுகிறோம். இலைப்பேனையோ நாமே வீட்டுக்குள் கொண்டுபோய் வளர்க்கிறோம்.

முதலில் உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். மார்ச், ஏப்ரலில் நட்டவர்கள் அதற்கு முன்பே பூ வெட்டி முடித்திருப்பார்கள். பிந்தி நட்டவர்கள் மாலையில் கோத்தகிரி மிலாரைப் பயிர்மேல் போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிடலாம். தெளிப்பு நீர் விடுவதானால் பனி உறையத் தொடங்கும்போதே ஆரம்பித்து, வெயிலில் அது கரையும்வரை விடவேண்டும். பாதியில் நிறுத்தினால் சேதம் கூடும்.

இனி இலைப்பேன். இலையில் வெள்ளிக் கீற்றுகள் தெரியும். மொட்டின் உறை பழுப்பாகும். இதழ் ஓரம் வெளிறிக் கருகும். அந்தப் பூந்தண்டைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். இலை காயக் காய இப்பூச்சி கிழங்கை நோக்கி இறங்கிவிடும்.

என் வீட்டுத் தோட்டத்துக் கிழங்குகளை ஓராண்டு பனிக்குப் பயந்து அடுப்படிப் பரணில் ஏற்றி வைத்தேன். கதகதப்பில் கிழங்கு கெடாது என்பது என் கணக்கு. மூன்று மாதம் கழித்து எடுத்தால் கிழங்கெல்லாம் பழுப்பேறிச் சொரசொரப்பாக, கையில் பிசுபிசுத்தது. பரணின் சூட்டில் பேன்தான் பெருகியிருந்தது. செடிக்கு ஆகாத குளிர், சேமித்த கிழங்குக்கு நல்ல காவல். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இலைப்பேன் பெருகாது. 4 டிகிரி அளவில் பல வாரம் இருந்தால் மடிந்தே போகும். கிழங்கின் உறக்கம் கலையவும் அந்தக் குளிர் உதவும்.

ஆகவே பூ வெட்டும்போது 4, 5 இலைகளை விட்டு, 6 முதல் 8 வாரம் கழித்து இலை மஞ்சளானதும் தோண்டுங்கள். தோண்டிய அன்றே தழையைக் கிழங்கை ஒட்டி நறுக்கி எரித்துவிடுங்கள். தழையோடு குவித்து வைத்தால் பேன் முழுவதும் கிழங்குக்கு வந்துவிடும். 2, 3 வாரம் நிழலில் உலர்த்தி, பழைய கிழங்கைக் கிள்ளி எறிந்து, காற்றோட்டமுள்ள தட்டுகளில் பரப்புங்கள். குளிர்பதனக் கிடங்கு கிடைத்தால் மிக நல்லது. இல்லையேல் அடுப்பில்லாத, வெயில் படாத கொட்டகை போதும். ஆனால் உறைபனி நேராகக் கிழங்கில் படக்கூடாது.

பேன் தாக்கிய தோட்டத்துக் கிழங்கானால், நடும் முன்பு 46 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் முக்கி எடுங்கள். இதற்கு வெப்பமானி கட்டாயம் வேண்டும். கைப்பதம் பார்த்துச் செய்தால் கிழங்கு வெந்துவிடும்.