ஓசிக் கரண்டும் ஓடிப்போன தண்ணீரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பொருளாதாரத்தில் மானியம்' என்ற தலைப்பில் பேசச் சொல்லி அழைத்தார்கள். பொருளாதாரம் படித்தவன் என்பதைவிட, மானியத்தில் படித்தவன் என்ற தகுதியில்தான் நான் இங்கே நிற்கிறேன். அரசு உதவி இல்லாத கட்டணமாக இருந்திருந்தால் இந்தக் கல்லூரிப் படியை நான் மிதித்திருக்க மாட்டேன். ஆகவே மானியம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. ஆனால் அதைக் கேள்வியே கேட்கக் கூடாது என்பவர்கள் கட்சியிலும் சேர முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவில், கொடைக்கானல் மலை அடிவாரம். மஞ்சளாறு அணை ஊருக்குப் பக்கம்தான். ஆனால் எங்கள் நிலம் அணைத் தண்ணீர் ஏறாத மேட்டுப் புஞ்சை. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் தானாக ஓடி வருகிறது. பதினாலாயிரத்துச் சொச்சம் ஏக்கர் இருபோகம் விளைகிறது. எங்களுக்கோ தாத்தா காலத்தில் கமலை, அப்பா காலத்தில் ஆயில் இஞ்சின், பிறகு மோட்டார். அணை கட்டிக் கொடுத்ததும் அரசு செலவுதானே? அப்படியானால் கிணறு வெட்டிச் சொந்தக் காசைப் போட்டவனுக்குக் கரண்டாவது சலுகையில் கொடுக்கக் கூடாதா? இது நியாயமான கேள்வி. இலவச மின்சாரத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான்.

அது சும்மா வந்த சலுகையும் அல்ல. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிரை விட்டார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் சங்கம் வளர்ந்தது பைசாக் கணக்குச் சண்டையில்தான். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1990இல் கலைஞர் அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது.

இந்த இரண்டு வருடங்களையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். என் கதை இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஏழு ஏக்கர். பக்கத்துத் தோட்டம் ஒன்றரை ஏக்கர். அதற்குச் சொந்தக்காரர் ஒரு அம்மா. கணவரை இழந்தவர். உறவுமுறை இல்லாவிட்டாலும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 1984இல் அவருக்கு இலவசம் வந்தது, எங்களுக்கு வரவில்லை. 'சிறு விவசாயி' கணக்கில் நாங்கள் அடங்கவில்லை. "ஒங்க அத்தைக்கு ஓசி, நமக்கு பில்லு" என்று அப்பா சிரித்துக்கொண்டே போய்க் கட்டிவிட்டு வருவார்.

1990இல் எங்களுக்கும் இலவசமானது. நான் அப்போது இங்கே விடுதியில் இருந்தேன். அப்பா சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். அடுத்த சில வருடங்களில் எங்கள் கிணற்றுக்குள் சைடு போர் இறங்கியது. அப்புறம் தனியாக ஆழ்துளைக் கிணறு, பெரிய மோட்டார். கரண்டுக்குக் காசு இல்லை என்றால், எவ்வளவு ஆழத்திலிருந்து இறைத்தாலும் ஒரே செலவுதானே? போர் போடக் காசு இருந்தால் போதும். எங்களிடம் இருந்தது, அத்தையிடம் இல்லை.

அவர் கிணறு முதலில் கோடையில் வற்றியது. பிறகு தையிலேயே வற்றியது. ஒருநாள் எங்கள் வரப்பில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்:

"ஏப்பா, பொருளாதாரம் படிச்சவனே, கரண்டு எல்லாத்துக்கும் ஓசின்னு சொல்றாக. தண்ணி மட்டும் ஒங்க தோட்டத்துக்குத்தான வருது?"

எனக்குப் பதில் வரவில்லை. சில வருடங்களில் அவர் மோட்டாரைக் கழற்றி விற்றார். எங்கள் மாந்தோப்பில் கூலிக்கு வந்தார். சட்டப்படி நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நண்பர்களே, வகுப்பில் படித்ததை நான் அந்த வரப்பில்தான் புரிந்துகொண்டேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது சமமாகக் கொடுப்பது ஆகாது. விலையில்லாத கரண்டு, பெரிய மோட்டாரும் ஆழமான போரும் வைத்திருப்பவனுக்கு அதிகமாகப் போகும். கிணறே இல்லாத கூலிக்காரருக்கு ஒன்றும் போகாது. தரைக்குக் கீழே தண்ணீர் ஒன்றுதான். வேகமாக இழுப்பவன் பக்கம் அது ஓடும்.

சரி, நிறுத்திவிடலாமா? 2003இல் ஜெயலலிதா அரசு கட்டணம் விதித்துப் பார்த்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களும் எதிரணிக்குப் போயின. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் தேர்தல் முடிந்த கையோடு அதே அரசே இலவசத்தைத் திரும்பக் கொடுத்தது. பஞ்சாபிலும் இதே கதை. 1997இல் இலவசம் வந்தது, இடையில் நிறுத்தினார்கள், மறுபடி கொடுத்தார்கள். இன்று அங்கே மழை நிரப்புவதைப் போல ஒன்றரை மடங்கு நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். கொடுப்பது சுலபம், எடுப்பது கஷ்டம். எந்தக் கட்சியாக இருந்தாலும் இதுதான் நிலை.

அமெரிக்காவை மட்டும் குறை இல்லாத நாடு என்று நினைக்க வேண்டாம். தன் பருத்தி விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்த மானியத்துக்காக உலக வர்த்தக அமைப்பில் பிரேசிலிடம் வழக்கில் தோற்ற நாடு அது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. குஜராத்தில் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் ஊருக்கு ஒரு மின்பாதை, தோட்டத்துக்கு வேறு மின்பாதை என்று பிரித்தார்கள். தோட்டத்துக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாத நல்ல கரண்டு. மானியத்தைப் பிடுங்கவில்லை, அளவு வைத்தார்கள். நம் ஊரில் என்ன நடந்தது? 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலே 2013இல் அது ரத்தானது.

எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே சன்னதிக் கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்குத்தான் பூஜை. நானும் கும்பிடுகிறவன்தான். ஆத்தாளுக்கு அது பொருந்தும். அரசாங்கக் கணக்குக்குப் பொருந்துமா? தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை. எவ்வளவு ஓடுகிறது என்பது மதிப்பீடுதான். அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் அரசு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. மீட்டர் என்றாலே "நாளைக்கு பில்லு வரும்" என்று விவசாயி பயப்படுகிறார். அந்தப் பயமும் நியாயம்தான். பில் வராது என்று நம்பும்படி செய்துவிட்டு மீட்டர் வைக்க வேண்டும்.

என் தோட்டத்தில் இப்போது சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறேன். அதற்கும் மானியம்தான்! சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு எழுபத்தைந்து. வேடிக்கையைப் பாருங்கள்: ஒரே தோட்டத்தில் ஒரு மானியம் "இறை, இறை" என்கிறது, இன்னொரு மானியம் "மிச்சம் பிடி" என்கிறது. மோட்டார் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறேன். எத்தனை மணி நேரம் ஓடியது என்று தினமும் எழுதுகிறோம். யாரும் கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன். எழுத ஆரம்பித்த பிறகு ஓட்டும் நேரம் தானாகவே குறைந்தது.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் பத்துக் கிணறுகளின் ஆழத்தைக் கேட்டு எழுதி வாருங்கள். யாருடையது வற்றியது, எந்த வருடம், பக்கத்தில் யார் போர் போட்டார்கள் என்று எழுதுங்கள். எந்த மானியத்தைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் கட்டுகிறார், யாருக்குப் போகிறது, அதனால் எது தீர்ந்துபோகிறது?

அத்தை இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. முப்பது வருடம் தாமதமாக, உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன்: ஆமாம் அத்தை, தண்ணி எங்களுக்குத்தான் வந்தது.