அடுக்களைத் தீ அணைந்த மறுநாள்



அடுக்களையில் தீப்பிடித்தால் எப்படி அணைப்பது என்று பலரும் சொல்லிவிட்டார்கள். அணைந்த மறுநாள் காலையில் என்ன செய்வது? சுவரெல்லாம் கரி, பாத்திரமெல்லாம் பிசுபிசுப்பு, பரண் மேல் விதை மூட்டை. அந்த மூட்டையைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆனால் வீட்டுக்குள் நுழையாமல் பரணுக்குப் போக முடியாதே!

மின்சார மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். ஒயர்களை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அதைப் போட வேண்டாம். கேஸ் வாடை இருந்தால் வெளியே வந்துவிட்டு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கூரை வீடானால் ஓலைக்குள் கனல் ஒளிந்திருக்கும். இரண்டு இரவு கண் விழித்துப் பார்க்க வேண்டும். எதையும் கூட்டிப் பெருக்குமுன் போட்டோ எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்துக் காட்டிவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு சேதத்தைக் காட்டுவது கஷ்டம்.

இனி கரி. நம் ஜனங்கள் முதலில் செய்வது, குடம் குடமாகத் தண்ணீரை எடுத்துச் சுவரில் வீசுவது. அது தப்புங்க. எண்ணெயும் பிளாஸ்டிக்கும் எரிந்த கரியில் பசை இருக்கிறது. ஈரம் பட்டால் குழைந்து சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்து, காய்ந்த பூந்துடைப்பத்தால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தட்டி எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரானால் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். கரி மேலேயே வெள்ளை அடித்தால் சில நாளில் மஞ்சளாகப் பூத்து வெளியே வரும். பெயின்ட் சுவரானால் வெந்நீரில் சலவை சோடா கலந்து, துணியால் கீழிருந்து மேலாகக் கழுவ வேண்டும். கீழிருந்தா என்று சிரிக்காதீர்கள். மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கரியின் மேல் கோடு கோடாக வழிந்து, அந்தக் கோடு போகவே போகாது. அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் சோடா வேண்டாம், அரித்துவிடும். புளி போதும். வாடை போக வேண்டுமென்று சாம்பிராணி போடுகிறவர்களும் உண்டு. புகைக்கு மேல் இன்னொரு புகை, வேறென்ன!

புகை பட்ட அரிசி, பருப்பு, புளி, திறந்த எண்ணெய், பிளாஸ்டிக் டப்பாவில் இருந்த சாமான், அலமாரியில் வைத்த மாத்திரை எல்லாவற்றையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். "மாட்டுக்காவது போடலாமே" என்பார்கள். போடாதீர்கள். பரணில் பூச்சி மருந்து டப்பா இருந்து அதுவும் எரிந்திருந்தால், அந்தப் புகை எதில் படிந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்தை அங்கே வைத்ததே தப்பு. அதை இன்னொரு நாள் பேசுவோம். பிளாஸ்டிக்கும் மருந்தும் எரிந்த சாம்பல் எருக்குழிக்கும் ஆகாது.

இப்போது விதைக்கு வருவோம். சோளக் கதிரையும் சுரை விதையையும் அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவது நம் பெரியவர்கள் பழக்கம். வண்டு அண்டாது. அதை வைத்துக்கொண்டு, "புகை விதைக்கு நல்லதுதானே சார்" என்று கேட்கிறார்கள். அன்றாட அடுப்புப் புகை வேறு, தீ விபத்தின் சூடு வேறு. விதையைக் காயவைக்கும் இயந்திரத்திலேயே சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. எரிகிற வீட்டில் சூடு மேலே ஏறிக் கூரைக்கடியில் தங்கும். பரணும் அங்கேதான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி வீட்டில் நாற்றங்கால் விடும் சமயத்தில் அடுக்களை எரிந்தது. பரணில் மூன்று சாக்கு நெல் விதை. சாக்கின் மேல்தான் கரி, உள்ளே நெல் பொன்னாக இருந்தது. "உப்புத் தண்ணியில போட்டுப் பார்த்தேன் சார், எல்லாம் முழுகிடுச்சு, விதை பழுதில்லை" என்றார். நாற்றங்கால் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. மறுபடி விதை தேடி விடுவதற்குள் கால்வாயில் முறைத் தண்ணீர் போய்விட்டது. உப்புக் கரைசல் பதரையும் அரைப்பதரையும்தான் மிதக்கவிடும். சூட்டில் முளை செத்த நெல்லுக்கு எடை குறையாது, அது நல்ல நெல்லைப் போலவே முழுகும்.

ஆகவே எண்ணிப் பாருங்கள். தீயணைத்த தண்ணீரில் நனைந்த சாக்கை அன்றே பிரித்து நிழலில் பரப்பிவிடுங்கள், விட்டால் புழுங்கிப்போகும். ஒவ்வொரு சாக்கிலும் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, பொறுக்கிப் பார்க்காமல் நூறு விதை எண்ணுங்கள். சாக்குகளை ஒன்றாகக் கலக்கக் கூடாது, கூரை பக்கம் இருந்தது செத்திருக்கும், அடியில் இருந்தது பிழைத்திருக்கும். ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் வைத்திருங்கள். ஏழெட்டு நாளில், வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ணுங்கள். நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70 இருந்தால் விதைக்கலாம். கொஞ்சம் குறைந்தால் விதை அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதிக்கும் கீழே என்றால் அதை நம்பி நிலத்தை உழ வேண்டாம். தேறிய விதையையும் அடுத்த பட்டத்துக்கென்று வைக்காதீர்கள், சூடு பட்டது சீக்கிரம் வீரியம் இழக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். அறுத்துச் சில வாரமே ஆன நெல்லுக்கு விதை உறக்கம் உண்டு, நல்ல விதையே முளைக்காமல் ஏமாற்றும். பக்கத்து வீட்டில் அதே ரகம், அதே அறுவடை விதை இருந்தால் அதிலும் நூறு எண்ணிப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். அதுவும் முளைக்காவிட்டால் குற்றம் தீயுடையதல்ல, பொறுத்து மறுபடி பார்க்கலாம். சந்தேகமிருந்தால், சாக்கு வாரியாகப் பெயர் எழுதி விதைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்தனுப்புங்கள்.