நல்ல நடிகருக்கு வேண்டுவன



நடிகருக்கு அழகிய தோற்றமும் பெரிய வேடமும் போதும் என்று நம்முள் பலர் எண்ணுகின்றோம். தமிழ் நாடக மேடையின் வரலாறோ வேறு கூறுகின்றது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் நடத்திய பாலர் சபையில் சிறு பிள்ளையாகச் சேர்ந்தவர் தி. க. சண்முகம் அவர்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கடைசி வரிசையில் இருப்போர் செவிக்கும் சொல் எட்ட வேண்டும். ஆதலின் பாட்டையும் வசனத்தையும் மனத்தில் பதித்துத் தெளிவாக உரைப்பதே பிள்ளைகளின் முதற்பயிற்சி. அப்பயிற்சியில் வளர்ந்த அவர், பின்னாளில் மூதாட்டி ஔவையாராகவே மேடையில் தோன்றினார். ஆடவர் என்பதை மக்கள் மறந்தனர். 'அவ்வை' சண்முகம் என்றே அழைத்தனர். சென்னையில் ஒரு சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சொல்லில் தெளிவு, தன்னை மறத்தல் ஆகிய இவ்விரண்டுமே நடிப்பின் வேர்.

சென்ற ஆண்டு நம் நாடகத்தில் அரசர் வேடத்திற்குப் போட்டி இருந்தது. வாயிற்காவலன் வேடத்திற்கு இல்லை. அதனை ஏற்ற சிறுவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. "மன்னர் வாழ்க" என்னும் இரு சொற்களை இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். ழகரம் மட்டும் நாவில் வரவில்லை. பத்து நாட்கள் பாட்டியின் அருகமர்ந்து பழகினான். மேடையில் அச்சொல் பிழையின்றி ஒலித்தபோது நம் கண்கள் கலங்கின.

பிள்ளைகளுக்கு வேடம் புனைவிக்கும் முன்னர்ச் சொல்லைக் கற்பிப்போம். நடிப்பும் வளரும், தமிழும் நம் இல்லங்களில் நிலைக்கும்.