பனியில் வெந்துபோகும் கண்

விடுமுறைக்கு மணாலி, ரோத்தாங் கணவாய் என்று கிளம்புகிறவர்கள் ஸ்வெட்டரை மறப்பதில்லை, கண்ணைத்தான் மறந்துவிடுகிறார்கள். ரோத்தாங் ஏறக்குறைய 13,000 அடி உயரம். மேலே போகப் போகப் புறஊதாக் கதிரின் கடுமை கூடும். போதாக்குறைக்கு, புதிதாக விழுந்த பனி அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தொப்பி போட்டிருந்தாலும் கீழேயிருந்து தாக்கும். விளையாடும்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி அறைக்கு வந்த பிறகுதான் மணல் விழுந்தது போலக் கண் உறுத்தும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேல்படலம் வெந்திருக்கிறது என்று அர்த்தம். கசக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கண் இப்படி வேகாமல் இருக்கப் போடும் கண்ணாடி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, புறஊதாக் கதிரைத் தடுக்கும் ‘யுவி 400’ என்று போட்டிருக்க வேண்டும். வெறும் கறுப்புக் கண்ணாடி கண்மணியை விரியவைத்து, கதிரை இன்னும் உள்ளே விடும். பிள்ளைகளுக்கும் மறக்காமல் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.