ஒரு ‘க’ போதுமா?

(பாளையங்கோட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அமர்வொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து உண்டாக்குவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மொழியியல் படித்தவனில்லை. வங்கியில் குமாஸ்தா, கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். ஆனால் எழுத்து ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்பதைத் தினமும் கவுண்டரில் பார்க்கிறேன். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். ஆள் ஒருத்தர்தான், காகிதத்தில் மூணு பேர். அவர் தன் பெயரைச் சொன்னது ஒருவிதம், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எழுதிக்கொண்டது வேறுவிதம். எழுதினவர் பக்கம்தான் செல்லுபடியாகும்.

இதை ஒரு ஆளுக்குப் பதில் ஒரு மொழிக்கே நடப்பதாக யோசித்துப் பாருங்கள். 2024-25 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். காணிகள் வேறெங்கோ இருப்பவர்கள் இல்லை. நாம குடிக்கிற தாமிரபரணி இறங்கி வருகிற மலையில், பாபநாசத்துக்கு மேலே, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி, அகத்தியர் காணிக் குடியிருப்பு என்று இருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கு மலம்பாஷை என்று பெயர். ஒலியைப் பதிவு செய்துவிடலாம், கருவி இருக்கிறது. பதிந்ததை எந்த எழுத்தில் எழுதுவது? இதை யார் முடிவு செய்வது? என் பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

தமிழில் எழுதிவிட்டால் போச்சு என்று உடனே சொல்லுவாங்க. தமிழ் எழுத்து ரொம்பத் தர்க்கமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தமிழுக்குத் தர்க்கமானது. காகம், தங்கம், பக்கம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ‘க’ சொல்லுக்கு முதலில் வன்மையாக ஒலிக்கிறது, ‘ங்’குக்குப் பின்னால் மெலிகிறது, இரட்டித்தால் இறுகுகிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது பேசுகிறவனுக்குத் தெரியும் என்பதால் ஒரு எழுத்தே போதும் என்று விட்டார்கள். அருமையான சிக்கனம். ஆனால் நீலகிரிக்குப் போனால் இது உடைந்துவிடும். ‘படகு’, ‘படகர்’ இரண்டையும் ஒரே ப-வில் எழுதுகிறோம். ஆற்றில் போகிற படகின் ப, ‘பல்’லில் உள்ள ப. படகரின் ப, ‘பஸ்’ஸில் உள்ள ப. அந்த மொழியில் இந்த வித்தியாசம் சொல்லின் முதலிலேயே பொருளை மாற்றும். தமிழ் எழுத்தில் அது காணாமல் போகிறது. தோடர் மொழிக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். குரலே எழும்பாமல் வெறும் காற்றாக வருகிற ‘ல’ ஒன்று அங்கே உண்டு. அவர்கள் தங்களைக் குறிக்கச் சொல்லும் பெயரே அந்த ஒலியில்தான் முடிகிறது. நம் எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு தோடர் தன் இனத்தின் பெயரைக்கூடச் சரியாக எழுத முடியாது.

இந்த ஊர்க்காரர் ஒருவரின் கதையும் இதில் இருக்கிறது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். திராவிட மொழிகளைக் குடும்பமாக நிறுத்திக் காட்டிய பெரிய வேலை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள்ளும் திண்ணை, கொல்லைப்புறம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் பண்பட்ட மொழிகள். தோடர், கோத்தர், கோண்டு, கூ எல்லாம் பண்படாத மொழிகள். அந்தப் ‘பண்படாத’ தோடர்களின் பாட்டுகளை எமனோ 1930களில் கேட்டு எழுதி, 1971இல் ஆயிரம் பக்கத்துக்குப் பக்கமான புத்தகமாகக் கொண்டுவந்தார். பாட்டு இருந்தது, இலக்கணம் இருந்தது. ஏடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஏடு இல்லாதவனைப் பண்பில்லாதவன் என்று சொல்லும் வழக்கம் நமக்குப் புதுசா என்ன?

சரி, எழுத்தில்லாத ஜனங்கள் தாங்களே எழுத்து செய்துகொண்ட கதைக்கு வருகிறேன். ஒடிசாவில் மயூர்பஞ்ச். சந்தாலி பேசும் குடும்பத்தில் 1905இல் பிறந்தவர் ரகுநாத் முர்மு. நார்வே மிஷனரிகள் சந்தாலியை ரோமன் எழுத்தில் எழுதினார்கள். வங்கத்தில் வங்க எழுத்து, ஒடிசாவில் ஒடியா, பீகார்ப் பக்கம் நாகரி. ஒரே மொழி நாலு எழுத்தில் சிதறிக் கிடந்தது. 1925இல், இருபது வயதில், முர்மு ஓல் சிக்கி என்ற எழுத்தை உண்டாக்கினார். 1939இல் மயூர்பஞ்ச் கண்காட்சியில் அதைப் பொதுமக்கள் முன் வைத்தார்.

அதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மொத்தம் 30 எழுத்து. ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஒவ்வொரு வரிசையிலும் முதல் எழுத்து உயிர், மற்ற நாலும் மெய். அந்த மெய்களின் பெயர்கள் அந்த வரிசையின் உயிரில்தான் தொடங்கும். ஆக், ஆஜ், ஆம், ஆவ் என்று ஒரு வரிசை. இஸ், இஹ், இஞ், இர் என்று ஒரு வரிசை. பெயரைச் சொன்னாலே ஒலி கடைசியில் வந்து நிற்கும். நாம ‘க்’கை ‘இக்’ என்று சொல்லுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. உயிர்மெய் என்ற சமாச்சாரமே கிடையாது. கொம்பு, கால், சுழி எதுவும் இல்லை. மெய்யை அடுத்து உயிரை எழுத வேண்டியதுதான். வடிவங்களும் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. ஒன்று காளான், ஒன்று குனிந்து அறுக்கிற ஆள்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. சந்தாலியில் நாலு ஒலிகள் சொல்லின் கடைசியில் வந்தால் வெளியே வராமல் தொண்டையில் அடைபட்டு நின்றுவிடும். பின்னால் உயிர் சேர்ந்தால் அதே ஒலி மெலிந்து திறந்துகொள்ளும். முர்மு இவற்றுக்கு எட்டு எழுத்து வைக்கவில்லை. நாலுதான் வைத்தார். இடம் பார்த்து வாசிக்கத் தெரியும் என்று தன் ஜனங்களை நம்பினார். தேவைப்படும் இடத்துக்கு மட்டும் ஒரு சின்னக் குறி. நம்ம ‘க’வில் இருக்கிற அதே புத்திதான் இது. எளிமை என்பது எழுத்தைக் குறைப்பது மட்டுமில்லை. பேசுகிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுத்தில் சுமக்கவிடாமல் இருப்பது. வெளியிலிருந்து வருகிறவன் காதில் விழுந்த எல்லாவற்றுக்கும் ஒரு எழுத்து போட்டுவிடுவான். அல்லது தன்னிடம் இருக்கிற எழுத்துக்குள் அமுக்கிவிடுவான்.

2003இல் 92ஆவது திருத்தம் வழியாகச் சந்தாலி எட்டாவது அட்டவணைக்குள் வந்தது. ஓல் சிக்கி மட்டும் அதைச் செய்யவில்லை. பின்னால் 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களும் ஒரு இயக்கமும் இருந்தது. எழுத்து வந்தால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் செரோக்கி ஜனங்களில் செக்வோயா என்றொருவர். எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாதவர். 1821இல் தன் மொழிக்கு அசையெழுத்து செய்து முடித்தார். 1828இல் அதில் பத்திரிகையே வந்தது. பத்தே வருஷம், 1838இல் ராணுவம் வந்து அவர்களை நிலத்தை விட்டு ஓட்டியது. எழுதத் தெரிந்தவர்களைத்தான் ஓட்டினார்கள். இங்கேயும், 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தில் 17 பேர் இந்த ஆற்றில் செத்தார்கள். கையில் இருந்தது எழுதின காகிதம்தான்.

காணிகளிடம் வருவோம். அவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களுக்குப் புது வடிவத்தில் முப்பது எழுத்து செய்து கொடுத்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் பள்ளியில் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, மூணாவதாக இது. செல்போனில் இருக்காது, அச்சில் இருக்காது. கண்காட்சியில் கண்ணாடிக்குள் இருக்கும். தனி எழுத்து மானம் தரும் என்பது உண்மை, சந்தால்களிடம் அதைப் பார்க்கிறோம். ஆனாலும் என் அபிப்பிராயம், தமிழ் எழுத்தை வாங்கிப் பழுது பார்த்துக்கொள்வதே நல்லது.

பழுது பார்ப்பதா, தமிழ் கெட்டுப்போகுமே என்பார்கள். அவர்களைச் சீவலப்பேரி பக்கம் மருகால்தலைக்குக் கூட்டிப் போங்கள். பாறையில் தமிழ்ப் பிராமி வெட்டியிருக்கிறது. பிராமியில் தமிழுக்கு வேண்டாத எழுத்துகள் இருந்தன, தள்ளினார்கள். ழ, ள, ற, ன இல்லை, இருந்த வடிவங்களைத் திருத்திச் செய்துகொண்டார்கள். பிறகு புள்ளி வந்தது. காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவர் எ-ஏ, ஒ-ஓ குழப்பத்தைத் தீர்த்தார். பெரியார் 1935இல் குடிஅரசில் ணா, றா, னா, லை, ளைகளை நேராக்கினார். 1978இல் அரசாணை வந்தது. கடன் வாங்கி, திருத்தித் திருத்தித்தான் இது நம்ம எழுத்தாயிற்று. அந்த உரிமை காணிக்கு மட்டும் கிடையாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் அச்சடித்த ஸ்தோத்திரப் புத்தகங்களைப் பாருங்கள். க-வுக்கு மேலே 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். சம்ஸ்கிருதம் பிசகாமல் ஒலிக்க வேண்டுமாம். தெய்வ பாஷைக்கு நாலு க கிடைக்கும், மலையில் பேசுகிற பாஷைக்கு ஒரு க போதும், அது வெறும் வட்டார வழக்குல்லா! நம்ம தெருப் பேச்சுக்கே இந்தக் கதிதான். ‘அவன் வந்தான்’ என்பதை நாம் சொல்லும்போது கடைசி ‘ன்’ மூக்கோடு நின்றுவிடும். ‘அவ வந்தா’வில் மூக்கு கிடையாது. கதை எழுதும்போது இரண்டையும் ‘வந்தா’ என்றே எழுதி, ஆணா பெண்ணா என்று வாசிக்கிறவன் தலையில் கட்டுகிறோம்.

வேலை எப்படி நடக்கும்? கல், கள் மாதிரி ஒரே ஒரு ஒலியில் பொருள் மாறும் சொற்களை முதலில் சேகரிக்க வேண்டும். கிழவிகளிடம், பிள்ளைகளிடம், கொக்கரை உரசிச் சாற்றுப்பாட்டு பாடுகிறவர்களிடம். தமிழ் எழுத்தில் அடங்காத வித்தியாசம் எத்தனை என்று அப்போது தெரியும். அதற்கு மட்டும் குறி. பிறகு ஒருவர் எழுதி, அந்த இடத்தில் இல்லாத இன்னொரு காணி வாசிக்க வேண்டும். தடுக்கினால் குறியை மாற்ற வேண்டும். வாசிக்கிறவர் நாமாக இருந்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

எழுதின நோட்டு யாரிடம் இருக்கும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், 1987இல் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை விஞ்ஞானிகளின் குறிப்பேட்டுக்குப் போனது. அதிலிருந்து செய்த மருந்தின் உரிமம் 1995இல் 10 லட்சத்துக்கு ஒரு கம்பெனிக்குப் போனது. பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. அதைக்கூடக் கொடுத்தவர்கள்தான் நிர்ணயித்தார்கள்.

மலைக்குப் போகும் மாணவர்கள் இரண்டு நோட்டு கொண்டுபோங்கள். ஒன்று அங்கேயே இருக்கட்டும். ஓல் சிக்கி அட்டவணையைப் பெரிதாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குக் கொடுங்கள், கேள்வி இருந்தால் பேசுவோம்.