டீலரின் துணிச்சலும் அதன் கணக்கும்

ஜப்பானிய மாஜாங் 136 காய்களை வைத்து நான்கு பேர் ஆடும் ஆட்டம். ஒவ்வொரு கையிலும் நால்வரில் ஒருவர் டீலர். அவர் வென்றால் மற்றவர்கள் பெறுவதைப்போல் ஒன்றரை மடங்கு பெறுகிறார். மங்கான் எனப்படும் பெரிய கை பிறருக்கு 8,000 புள்ளி தந்தால் டீலருக்கு 12,000 தரும். வென்ற டீலர் இடத்தை விட்டு எழவும் வேண்டாம், அடுத்த கையும் அவருடையதே. இந்தச் சலுகைக்கு விலையும் உண்டு. வேறொருவர் தாமே எடுத்த காயால் வென்றால் மூவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். அதில் டீலரின் பங்கு இரட்டிப்பு. மங்கானுக்கு மற்ற இருவர் 2,000 வீதம் கொடுக்க, டீலர் 4,000 கொடுப்பார். இந்தச் சுமையைப் பார்த்துவிட்டு, டீலர் அடக்கி வாசிக்க வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் முடிவு நேர்மாறாக வருகிறது.

மாஜாங்கில் இழப்பு பெரும்பாலும் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, நாம் கழித்த காயை எடுத்து இன்னொருவர் வெல்வது. அப்போது முழுத் தொகையும் கழித்தவர் தலையில். இதில் டீலருக்கென்று தனிச் சுமை எதுவும் இல்லை. டீலர் அல்லாதவரின் மங்கானுக்குக் காய் கொடுத்தால் யார் கொடுத்தாலும் 8,000தான். ஆக, துணிந்து காய் கழிக்கும் டீலர் மற்றவர்களுக்குச் சமமான ஆபத்தை ஏற்று, அவர்களைவிட ஒன்றரை மடங்கு ஆதாயத்தைத் தேடுகிறார். மற்றொரு வழி, எதிராளி தாமே எடுத்து வெல்வது. டீலருக்கு இரட்டைச் சுமை இங்கே மட்டும்தான். ஆனால் கையைக் கலைத்துப் பாதுகாப்பான காய்களாகவே கழித்தாலும் எதிராளி எடுக்கும் காயைத் தடுக்க முடியாது. அவருக்கு முன் நாம் வெல்வதே உறுதியான காப்பு. ஆகவே அந்தச் சுமை டீலரை விரைவுபடுத்த வேண்டுமே தவிர, பின்வாங்க வைக்கக் கூடாது.

அப்படியானால் 1,500 புள்ளி மட்டுமே தரும் சின்னக் கையில் வென்று டீலர் இடத்தை வீணாக்கலாமா என்று கேட்கலாம். அந்த 1,500 தனியாக வருவதில்லை. எதிராளிகள் மூவரும் வளர்த்துவந்த கைகள் கலைகின்றன. ஒன்றரை மடங்கு பெறும் வாய்ப்பு மறுபடி கிடைக்கிறது. அடுத்த வெற்றியின் மதிப்பும் 300 கூடுகிறது. அதோடு, டீலரின் இருக்கையும் கிழக்கு என்பதால், ஆட்டத்தின் முதல் சுற்றான கிழக்குச் சுற்றில் கிழக்குக் காய் மூன்று சேர்ந்தால் டீலருக்கு அது இரட்டை மதிப்பு. ஆகவே பிறர் கழித்ததை வாங்கிச் சேர்த்தாலும், கழித்த காயில் வெல்லும்போது குறைந்தது 2,900 வரும். ரீச்சி என்ற அறிவிப்பின் பலன் இன்னும் பெரிது. இன்னும் ஒரே காய் போதும் என்று 1,000 புள்ளியை வைத்து டீலர் அறிவித்துவிட்டால், வழக்கமாக 25,000 புள்ளியோடு தொடங்கும் மற்றவர்கள் 12,000 பறிபோகுமே என்று அஞ்சித் தங்கள் கைகளையே கலைப்பதுண்டு. போட்டி குறையக் குறைய, சுமாரான காத்திருப்புக்கும் வலு கூடும். வேகம் குறையாமல் தானாகப் பெருகும் கையைச் சுருக்கச் சொல்லவில்லை. அழகுக்காகத் தாமதிப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

இந்தத் துணிச்சலுக்கு எல்லையும் உண்டு. காய்கள் தீரப்போகும் நேரத்தில், நம் கைக்கு இன்னும் இரண்டு மூன்று காய்கள் வேண்டியிருக்க, எதிரே ஒருவர் ரீச்சி அறிவித்திருந்தால், டீலர் இடம் போகிறதே என்று ஆபத்தான காய்களைக் கழிப்பது நஷ்டக் கணக்கு. வெல்லும் வாய்ப்பே மெலிந்தபின் அதை ஒன்றரையால் பெருக்கி என்ன பயன்? கடைசிக் கையில் டீலரே முதலிடத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மாறும். யாரும் வெல்லாமல் காய்கள் தீர்ந்தால், ஒரே காய்க்குக் காத்திருக்கும் டீலருக்கு இடம் தொடரும் என்பது பரவலான விதி. முன்னிலையில் இருப்பவருக்கு அந்தத் தொடர்ச்சியே ஆபத்து என்பதால், கையை வேண்டுமென்றே முடிக்காமல் வைத்து ஆட்டத்தை அங்கேயே நிறுத்துவது புத்திசாலித்தனம். டீலர் இடம் தரும் ஒன்றரை மடங்கு, வெல்லக்கூடிய கைக்கும் இன்னும் புள்ளி தேவைப்படும் ஆட்டக்காரருக்கும் மட்டுமே மதிப்புள்ளது. அந்த இரண்டும் இருக்கும்போது தயங்குகிற டீலர், இரட்டைச் சுமையைத் தாங்கிக்கொண்டே அதற்கு ஈடான சலுகையைக் கைவிடுகிறார்.