வீடும் வீதியும் விழாவும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விமானம் எடுப்பித்தலும் கலசத்துக்குப் பொன் பூசுதலும் பெரும் புண்ணியங்கள். அவற்றைச் செய்த செல்வர் பலர் ஈண்டுக் கூடியுள்ளீர்கள். ஆயினும், கோயிலைச் சூழ்ந்த வீடுகள் பாழ்பட்டு, வீதியில் குடிகள் இல்லாது ஒழிந்தால் தேர் வடத்தைப் பிடிப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடையாக, இமயச் சாரலிலுள்ள ஒரு பழம்பதியின் செய்தியைச் சொல்ல விழைகின்றேன்.

நேபாள நாட்டிலே, காட்மாண்டுவுக்குக் கிழக்கே உள்ளது பக்தபூர். அடியார்களின் ஊர் என்பது அப்பெயரின் பொருள். மல்ல மன்னர்களின் தலைநகராய் விளங்கிய அவ்வூரில் நேவார் மக்கள் வாழ்கின்றனர். பூபதீந்திர மல்லன் 1702-ஆம் ஆண்டில் எடுப்பித்த ஐந்தடுக்குக் கோயில், 1934, 2015 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பெரு நிலநடுக்கங்கள் இரண்டிற்கும் தப்பி நிற்கின்றது. அதன் அருகே பைரவர் கோயில். நமக்குச் சித்திரை பிறக்கும் நாளையொட்டி அங்கே பைரவருக்குத் தேர்விழா. மேலூராரும் கீழூராரும் இருபுறமும் நின்று வடம் பிடித்திழுப்பர்.

அவ்வூர்ப் பழைய வீடுகள் செங்கல்லும் களிமண் சாந்தும் கொண்டு கட்டப்பெற்றவை. சாளரங்களில் மரச் சிற்ப வேலை கண்ணைக் கவரும். அடுக்களை மேல்தளத்தில் இருக்கும். பல வீடுகள் பொது முற்றம் ஒன்றைச் சூழ்ந்து நிற்கும். அங்கே தானியம் உலர்த்துவர். முதியோர் வெயில் காய்வர். வழிப்போக்கர் இளைப்பாறத் தெருவோரங்களில் திண்ணை மண்டபங்கள் உண்டு.

1974 முதல் 1986 வரை ஜெர்மனி நாட்டின் உதவியோடு அந்நகரில் திருப்பணி நடைபெற்றது. கோயில்களும் வீடுகளும் செப்பனிடப்பெற்றன. அவற்றோடு குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் அமைந்தன. வாழ்வார்க்கு வசதி இல்லையேல் பழமை நில்லாது என்பதை உணர்ந்து செய்த பணி அது. பிற நாட்டுப் பயணிகளிடம் பெறும் நுழைவுக் கட்டணத்தை நகராட்சி திருப்பணிக்குச் செலவிடுகின்றது.

இத்துணை இருந்தும், 2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நிலம் நடுங்கியபோது வீடுகள் பல சரிந்தன. களிமண் சாந்தின் முதுமை ஒரு காரணம். மற்றொன்று பாகப்பிரிவினை. தந்தைக்குப்பின் உடன்பிறந்தார் வீட்டை அடிமுதல் உச்சிவரை செங்குத்தாகப் பிரித்துக்கொள்வர். ஒருவர் தம் பாகத்தை இடித்துச் சிமிட்டியால் உயரக் கட்டுவார். பக்கத்துப் பாகம் பிடிப்பிழந்து நிற்கும். வீழ்ந்தபின்போ, பங்காளிகள் ஒருமனப்படாமையால் பல மனைகள் நெடுநாள் வெறுமையாய்க் கிடந்தன. நிலம் நடுங்குமுன்னரே உறவு பிளந்திருந்தது!

இனி, அவ்வூரைத் தாங்கி நிற்பது யாது? 'குதி' என்னும் ஊர்க் கூட்டமே. கோஷ்டி என்னும் வடசொல்லின் திரிபு அது என்பர். நம் கட்டளைகளைப் போல நிலம் எழுதிவைத்து, அதன் வருவாயால் விழா நடத்துவதும், மண்டபங்களைப் பேணுவதும், இறந்தாரைச் சுமந்து செல்வதும் அக்கூட்டங்களின் கடன். 2019-இல் அவற்றின் உரிமையைக் குறைப்பதாகக் கருதப்பட்ட சட்ட முன்வரைவை எதிர்த்து மக்கள் பல்லாயிரவர் காட்மாண்டு வீதிகளில் திரண்டனர். அரசு அதனைத் திரும்பப் பெற்றது. தாம் தோள் கொடுத்துக் காத்த ஒன்றாதலின் மக்கள் அதற்காக எழுந்தனர்.

அன்பர்களே! அடியேனும் பங்காளி வழக்கில் பிறந்தகத்தை இழந்தவன். இன்று அவ்விடத்தில் விளக்கேற்றுவார் இல்லை. ஆதலின் வேண்டுகின்றேன்: உங்கள் பூர்விக வீட்டைப் பிரிக்குமுன் உடன்பிறந்தாரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். கோயிலுக்கு ஈயும் பொருளில் ஒரு கூறு, இவ்வீதியில் ஒழுகும் கூரைகளுக்கும் இடிந்த திண்ணைகளுக்கும் செல்வதாகுக. வீதியில் குடி நிலைத்தால் விழா நிலைக்கும்.

திருச்சிற்றம்பலம்.